பேசும் மண்டையோட்டை ஆட்டுவிக்க எந்த வழி நல்லது?

ஹாலோவீனுக்கு அமெரிக்க வீட்டு வாசல்களில் வைக்கிற பொம்மைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது பேசும் மண்டையோடு. கழுத்து திரும்ப, குனிய, சாய என மூன்று சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கிற சின்ன மோட்டார்), தாடைக்கு ஒன்று, கண்களுக்கு ஒன்றோ இரண்டோ. ஆறு சர்வோவுக்குள் அடங்கிவிடும். மிட்டாய் கேட்டு வருகிற குழந்தையின் பக்கம் அது மெதுவாகத் திரும்ப வேண்டும். அந்த 'மெதுவாக' என்பதுதான் இதில் இருக்கிற மொத்த வேலையும்.

வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து இதை இயக்க இன்று மூன்று பிரபலமான வழிகள் உண்டு. போலோலு நிறுவனத்தின் மேஸ்ட்ரோ என்கிற சர்வோ கட்டுப்பாட்டு போர்டு ஒன்று. பொம்மை அசைவை வடிவமைக்கும் பாட்டாங்கோ மென்பொருளோடு ஆர்டுயினோ அல்லது இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டு (கட்டளையைக் கேட்டு இயங்கும் சின்னக் கணினி) சேர்வது இன்னொன்று. மூன்றாவது, எக்ஸ்லைட்ஸ் மென்பொருளில் அசைவை எழுதி, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் ஓடும் ஃபால்கன் பிளேயர் மென்பொருள் மூலம், சர்வோக்களை இணைக்கும் பிசிஏ9685 போர்டுக்கு அனுப்புவது. விலையை வைத்து இவற்றை ஒப்பிடுபவர்கள் நிறையப் பேர். நான் வேறொன்றைப் பார்ப்பேன்: ஒரு அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் இருக்கிற நிலைகளை யார் கணக்குப் போடுகிறார்கள்?

எக்ஸ்லைட்ஸை எடுத்துக்கொள்வோம். அது அடிப்படையில் விளக்குகளுக்கான மென்பொருள். அதில் எழுதுகிற நிகழ்ச்சியான சீக்வென்ஸ், சினிமா போல ஃப்ரேம் ஃப்ரேமாக ஓடும். ஒரு ஃப்ரேம் 50 மில்லிசெகண்ட் என்று வைத்தால், நொடிக்கு 20 தடவைதான் சர்வோவுக்குப் புது நிலை போகும். தலை 3 நொடியில் 60 டிகிரி திரும்ப வேண்டும் என்றால் 60 படிகள், படிக்கு ஒரு டிகிரி. எம்ஜி996ஆர் போன்ற சர்வோ ஒரு டிகிரியைச் சில மில்லிசெகண்டில் தாண்டிவிட்டு, அடுத்த ஃப்ரேம் வரும்வரை அப்படியே நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது விட்டுவிட்டுத் திரும்புகிற தலை, காதுக்குக் கரகர சத்தம். விளக்கு இப்படி மின்னினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கழுத்தில் உடனே தெரிந்துவிடும். 25 மில்லிசெகண்டுக்கு மாற்றினால் படி அரை டிகிரியாகக் குறையும், முன்னேற்றம் நன்றாகவே தெரியும். அதனால் சர்வோ இருக்கிற சீக்வென்ஸை முதலிலிருந்தே 25-இல் தொடங்குங்கள்.

மேஸ்ட்ரோவில் இந்தத் தலைவலி பெரும்பாலும் கிடையாது. சானலுக்குச் சானல் (ஒரு சர்வோவை இணைக்கிற இடம் ஒரு சானல்) வேகமும் முடுக்கமும் அமைத்துக்கொள்ளலாம். 'அந்தப் பக்கம் திரும்பு' என்று ஒரே கட்டளை கொடுத்தால் போதும், நடுவில் இருப்பதைப் போர்டே பார்த்துக்கொள்ளும். எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதைச் சர்வோவுக்குச் சொல்வது மின் துடிப்பின் நீளம். சாதாரண 50 ஹெர்ட்ஸ் அமைப்பில், அதாவது நொடிக்கு 50 துடிப்பில், ஒவ்வொரு துடிப்பிலும் நிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். முடுக்கம் இருப்பதால் தலை மெல்லக் கிளம்பி, மெல்ல வந்து நிற்கும். உயிருள்ள கழுத்து அப்படித்தான் அசையும்.

பாட்டாங்கோ இதிலும் ஒரு படி மேலே. திரையில் கீஃப்ரேம் (அசைவின் முக்கிய நிலைகள்) வைத்து, நடுவில் இருக்கிற வளைவை இழுத்து இழுத்து வடிவமைக்கலாம். அந்த வளைவாகவே கட்டளை மைக்ரோகண்ட்ரோலருக்குப் போகிறது, இடைநிலைகளை அது கணக்கிட்டுக்கொள்ளும். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஆட்டி அப்படியே பதிவு செய்யவும் முடியும். நடிப்பு முக்கியம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை.

நுணுக்க அளவைப் பற்றி நிறைய விவாதம் நடக்கும். துடிப்பின் நீளத்தை மேஸ்ட்ரோ மாற்றக்கூடிய மிகச் சின்னப் படி 0.25 மைக்ரோசெகண்ட். பிசிஏ9685 ஒரு 12 பிட் சில்லு. 20 மில்லிசெகண்டை 4096 பங்காக்கினால் ஒரு படி சுமார் 4.9 மைக்ரோசெகண்ட் வரும். காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் எம்ஜி996ஆரின் டெட்பேண்ட் 5 மைக்ரோசெகண்ட், எஸ்ஜி90 என்ற இன்னொரு சர்வோவுக்கு 10. அதற்குக் குறைவான மாற்றத்தை அந்தச் சர்வோ சட்டை செய்யாது. மலிவு சர்வோ போடுபவர் இந்த எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சரி, நிகழ்ச்சி நாளன்று கம்ப்யூட்டர் எங்கே இருக்கும்? யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகாது. அறையில் மேசை, வாசலில் மண்டையோடு என்றால் அங்கேயே இடிக்கும். போதாக்குறைக்கு ஸ்லீப் மோடும் அப்டேட்டும் வேறு. அதனால் மாலை முழுக்கக் கம்ப்யூட்டரை நம்பி ஓட்டுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். நல்லவேளையாக மூன்று வழியிலும் அதைக் கழற்றிவிடலாம். மேஸ்ட்ரோவில் ஸ்லைடரை நகர்த்திச் சேமித்த ஃப்ரேம்களை ஸ்கிரிப்டாக மாற்றிப் போர்டிலேயே வைக்கலாம். 6 சானல் மைக்ரோவில் 1 கிலோபைட் இடம், 12, 18, 24 சானல் மினிகளில் 8. ஒரு சானலை உள்ளீடாக மாற்றி ஆள் நடமாட்டத்தை உணரும் பிஐஆர் சென்சாரைக் கோத்தால், ஆள் வந்ததும் தலை திரும்பும். குறை என்னவென்றால் அதற்குக் குரல் கிடையாது. தனியாக ஒரு எம்பி3 போர்டைச் சேர்த்து இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வைக்க வேண்டும். பாட்டாங்கோவிலும் அசைவை மைக்ரோகண்ட்ரோலருக்கு ஏற்றுமதி செய்யலாம், ஒலிக்கு அங்கேயும் தனி ஏற்பாடு வேண்டியிருக்கும்.

ஃபால்கன் பிளேயர் ஜெயிப்பது இங்கேதான். ராஸ்பெர்ரி பையைப் பொம்மைக்குப் பின்னாலேயே வைத்துவிடலாம். பாட்டு, விளக்கு, தாடை எல்லாம் ஒரே கடிகாரத்தில் ஓடும். வீட்டுக்குள் உட்கார்ந்து வைஃபை வழியாகப் பிரவுசரில் மேற்பார்த்தால் போதும். ஸ்பீக்கரை மட்டும் வயரில் இணையுங்கள். புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், வாய் முந்திக்கொள்ளும்.

ஒற்றை மண்டையோடு, ஆள் வந்தால் திரும்பி நாலு வார்த்தை பேச வேண்டும் என்றால் 6 சானல் மேஸ்ட்ரோவே என் தேர்வு (சென்சாருக்கு ஒரு சானல் போய்விடுவதால் கண்களுக்கு ஒரே சர்வோதான்). வாங்கியதும் அதன் சீரியல் அமைப்பை யூஎஸ்பி டூயல் போர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு மென்பொருளிலிருந்து வரும் கட்டளையை அது கண்டுகொள்ளாது. இரண்டு மூன்று பொம்மைகள் தங்களுக்குள் பேசி நடிக்க வேண்டுமா, பாட்டாங்கோவுக்குப் போங்கள். கிறிஸ்துமஸ் விளக்குகளை ஏற்கெனவே எக்ஸ்லைட்ஸில் ஓட்டுகிறவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. ஒரு பிசிஏ9685-ஐச் சேர்த்தால் 16 சர்வோவுக்கு இடம் கிடைக்கும்.

எந்த வழியானாலும் மின்சாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். எம்ஜி996ஆர் ஒன்று முட்டி நின்றால் 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். அதை யூஎஸ்பியோ ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னோ தாங்காது, போர்டு ரீசெட் ஆகித் தலை துள்ளும். சர்வோக்களுக்குத் தனி பவர் சப்ளை கொடுத்து, அதன் கிரவுண்டை (மைனஸ் வயரை) போர்டின் கிரவுண்டோடு சேருங்கள்.