லோரோங் குலிட்டில் குளிர் உடுப்பு: கம்பளி வாங்கலாம், காலணி வேண்டாம்

கம்பளிக் கோட்டு வேண்டுமென்றால் பேரங்காடிக்குப் போவதற்கு முன் பினாங்கின் லோரோங் குலிட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஜெலுத்தோங்கில் தையல் கடை வைத்திருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். ஜார்ஜ்டவுன் சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிய இந்தப் பழைய சாமான் சந்தைக்கு ஆட்கள் கைக்கடிகாரம், பழைய நாணயம், பீங்கான் தேடி வருவார்கள். நான் போனது அண்ணன் மகளுக்காக. அவளுக்கு ஜனவரியில் கிளாஸ்கோவில் படிப்பு தொடங்குகிறது. அந்த மாதத்தில் அங்கே நடுப்பகலிலேயே 7 டிகிரி அளவில்தான் இருக்கும், மழை வேறு.

நாம் பண்டல் துணி என்று சொல்வது ஜப்பான், கொரியா பக்கமிருந்து பொதி பொதியாக வந்து இறங்குகிற பழைய துணிச் சரக்கு. அதில் மெல்லிய விண்ட்பிரேக்கர்களை மோட்டார் சைக்கிள்காரர்கள் காலையிலேயே அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். முன்பின் மாற்றி மாட்டிக்கொண்டு ஓட்ட அதுதான் தோது. கனத்த கம்பளிக் கோட்டை நம் ஊர் வெயிலில் யார் கேட்பார்கள்? நல்ல சரக்கு குவியலின் அடியிலேயே கிடக்கிறது, விலையும் படிகிறது.

எங்களுக்குக் கிடைத்தது முழங்கால்வரை நீளும் சாம்பல் நிறக் கோட்டு. உள்பக்கம் சுத்தக் கம்பளிக்கு அடையாளமான ஊல்மார்க் முத்திரை இருந்தது. 1964 முதல் புழக்கத்தில் இருக்கும், நூற்கண்டு மாதிரி சுழிந்த சின்னம் அது. லேபல் கிழிந்திருந்தால் கையை நம்புங்கள். துணியை உள்ளங்கையில் இறுகக் கசக்கி விட்டால், நல்ல கம்பளி சுருக்கத்தை உதறிவிட்டு எழுந்துகொள்ளும். பிறகு கோட்டைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். அந்துப்பூச்சியின் புழு தின்ற இடத்தில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் பொத்துக்கொண்டு தெரியும். காலரின் அடிப்பக்கம், கக்கம், பை ஓரம் மூன்றையும் விடாமல் பார்க்க வேண்டும். ஒரு கோட்டில் காலருக்குக் கீழே வரிசையாக நான்கு புள்ளி தெரிந்தது, திருப்பி வைத்துவிட்டேன். எங்கள் கோட்டில் ஒன்றும் இல்லை.

அடுத்தது தோள். கை நீளத்தைக் குறைக்கலாம், பக்கத் தையலைப் பிடிக்கலாம், லைனிங்கையே புதிதாகப் போடலாம். தோளில் மட்டும் கை வைக்கக் கூடாது. உள்ளே பேடும் கேன்வாஸும் சேர்ந்து கோட்டைத் தூக்கி நிறுத்துவதே அங்கேதான். பிரித்தால் பழைய வடிவம் திரும்பாது. போட்டுப் பார்த்தவள், “அத்தை, தொளதொளன்னு இருக்கே” என்றாள். “உள்ள ஸ்வெட்டர் போடணும்மா. கையைக் கட்டிப் பாரு, முதுகு இழுக்குதா?” என்றேன். இழுக்கவில்லை. கடைக்கார பாக்சிக் (மலாயில் பெரியவரை அப்படித்தான் அழைப்போம்) 45 வெள்ளி, அதாவது ரிங்கிட், சொன்னார். “குராங் லா, பாக்சிக்”, குறைத்துக்கொள்ளுங்கள் என்று கொஞ்சம் பேசியதில் 30-க்குக் கொடுத்தார். ட்ரை கிளீனிங்குக்கு 25 வெள்ளி, பொத்தான் மாற்றியது என் கை வேலை. இந்தத் தரத்தில் புதுக் கோட்டுக்கு அவளுடைய கல்விக் கடனில் கை வைக்க வேண்டியிருந்திருக்கும்.

ஸ்வெட்டர், மஃப்ளர், கம்பளித் தொப்பி எல்லாம் இங்கே தாராளமாக வாங்கலாம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும் உடம்பில் ஈரமாகத் தெரியாது. தூறல் விடாத ஊருக்கு இது பெரிய விஷயம். துணியின் மேல் உருண்டு நிற்கும் பிசிறுகளுக்குப் பயப்படாதீர்கள். ரேசரை லேசாக ஓட்டினால் போய்விடும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்து முட்டை இருந்தாலும் செத்துவிடும். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல், துண்டின் மேல் பரப்பிக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஸ்வெட்டர் நீண்டுபோகும்.

இறகு ஜாக்கெட்டுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. பொதியில் நசுங்கி வந்ததால் தட்டையாகக் கிடக்கும், அது குறையில்லை. விரலால் நெருடும்போது கட்டி கட்டியாக அகப்பட்டாலோ புழுங்கிய வாடை வந்தாலோ வேண்டாம். நல்லதாக இருந்தால் சுயசேவை டோபி கடையில், டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, கூடவே இரண்டு டென்னிஸ் பந்தைப் போட்டு ஓட்டுங்கள். உப்பிக்கொண்டு வரும்.

காலணி மட்டும் பழசு வேண்டவே வேண்டாம். குளிர்காலப் பூட்ஸ் பலவற்றின் சோலில் இருப்பது பாலியூரிதேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். காற்றின் ஈரம் ஏற ஏற அது உள்ளுக்குள்ளேயே சிதையும், பெட்டியில் சும்மா கிடந்தாலும் சிதையும். பினாங்கின் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். மேலே தோல் பளபளவென்று இருக்கும், நாலு எட்டு நடந்தால் சோல் மாவாக உதிரும். எதிர்வீட்டுத் தம்பி எங்கோ ஒரு பண்டல் கடையில் வாங்கிய பூட்ஸின் சோல் நடைபாதையில் கழன்றுபோய், அங்கேயே அவசரத்துக்கு முழு விலையில் புதுசு வாங்கினான். மழை ஜாக்கெட்டுக்கும் இதே கதை. உள்பூச்சு பிசுபிசுக்கிறதா, தையல் மேல் ஒட்டிய டேப் உரிகிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவை எல்லாம் உரிந்திருந்தன. கிளாஸ்கோ மழைக்கு அவளுக்குப் புதுசுதான் வாங்கினோம். உடம்போடு ஒட்டும் உள்ளாடைகளும் புதுசாகவே இருக்கட்டும்.

காலையில் சீக்கிரம் போங்கள், மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள். சில்லறை நோட்டும் அளவு டேப்பும் கையில் இருக்கட்டும். லேபலில் உள்ள எல், எக்ஸெல்லை நம்ப வேண்டாம். ஜப்பான் அளவு நம் அளவைவிடச் சிறியது. மகளைக் கொண்டுபோய் விடப்போகிற அண்ணனுக்கும் ஒரு கோட்டு தேடினோம். அவருடைய தோளுக்கு எட்டியது ஒன்றுகூட அகப்படவில்லை. வாட்டசாட்டமானவர்கள் அமெரிக்கப் பொதி பிரிக்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.