வன்னிப் பங்குக் குருவின் போனில் எந்தப் பக்கங்கள் இருக்கலாம்?

ஞாயிறு பிரசங்கத்துக்கு உதவும் பக்கங்கள் எவை என்று வன்னியில் பணிசெய்யும் குருமாரையோ போதகர்மாரையோ கேட்டால், நாலைந்து பெயர்களே திரும்பத் திரும்ப வரும். எல்லாவற்றையும் பின்தொடர்ந்தால் சனி இரவு முழுக்க போனிலேயே கழிந்துவிடும். அதனால் கொஞ்சம் கழித்துக்கட்டத்தான் வேண்டும்.

அதிகம் பார்க்கப்படுபவை தமிழகத்து மறையுரை யூரியூப் சனல்கள். நம் மொழி, நல்ல பேச்சு, கதைக்கும் பஞ்சமில்லை. சிக்கல் என்னவென்றால், பங்குச் சனமும் அதைத்தான் பார்க்கிறது. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்த ஓர் அம்மம்மா, "அந்த ரயில் கதையைப் பேரன் போன கிழமையே போனில காட்டினவன், பாதர்" என்றார். பாதர் சிரித்துச் சமாளித்தார். கதை பழையது என்பதுகூடப் பரவாயில்லை. சென்னை மின்சார ரயிலில் நடந்த கதை, யானை புகுந்த வயலையும் வலை அறுந்த வள்ளத்தையும் பற்றிய கவலையோடு வாங்கில் இருப்பவருக்கு என்ன சொல்லும்? என்னைக் கேட்டால், பேசும் முறையைப் படிக்க எப்போதாவது பார்க்கலாம். சனி இரவில் வேண்டாம்.

வத்திக்கான் செய்திகளின் தமிழ்ப் பக்கம் நம்பகமானது, எழுத்தாக இருப்பதால் டேட்டாவும் அதிகம் தின்னாது. ஆனால் நேரம் இடிக்கும். திருத்தந்தை ஞாயிறு நற்செய்தியை விளக்கும் மூவேளைச் செப உரை உரோமையில் நண்பகலுக்கு. இங்கே அப்போது பிற்பகல் மூன்றரை அல்லது நாலரை. காலைப் பூசை எப்போதோ முடிந்திருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. கத்தோலிக்க ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. ஆகவே 2026இன் ஞாயிறுகளுக்கு, திருத்தந்தை பிரான்சிஸ் 2023இல் ஆற்றிய உரைகளைத் தேடி எடுக்கலாம். திகதியைப் பார்க்காமல் பொதுக்காலத்தின் எத்தனையாவது ஞாயிறு என்று பார்த்தால் சரியாக அகப்படும்.

ஆங்கிலம் வாசிக்கிறவர்களுக்கு இரண்டு பெரிய போட்டியாளர்கள்: அமெரிக்க ஆயர் ரொபர்ட் பரனின் காணொளிகளும், லூத்தர் குருமடம் இலவசமாக நடத்தும் 'வேர்க்கிங் பிரீச்சர்' தளமும். பரன் தெளிவாகப் பேசுவார். ஆனால் அவர் பெரும்பாலும் மறுமொழி சொல்வது கோயிலை விட்டுப் போனவர்களுக்கும், கடவுள் இருக்கிறாரா என்று கேட்பவர்களுக்கும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசாமி கோவிலடியில் உட்கார்ந்த தாய்மாரிடம் அந்தக் கேள்வியைக் காண்பது அரிது. கடவுள் இருக்கிறார், அன்று ஏன் பேசாமல் இருந்தார் என்பதுதான் அந்தத் தாய்மாருடைய வழக்கு. அந்த வழக்கை நடத்த, கடவுளிடமே முறையிடும் புலம்பல் சங்கீதங்கள் வேண்டும். 'வேர்க்கிங் பிரீச்சர்' நற்செய்தியோடு நிறுத்தாமல் அன்றைய சங்கீதத்துக்கும் தனியாக விளக்கம் எழுதுகிறது. எனக்கு இதுவே போதும், அதைத் தேர்ந்தெடுக்க. கத்தோலிக்கக் குருமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் தளத்தின் வாசக அட்டவணை வேறு. நற்செய்தி பெரும்பாலும் ஒத்துவரும், பழைய ஏற்பாட்டு வாசகம் பல ஞாயிறுகளில் மாறும். மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைப் போதகர்களும் தங்கள் சபையின் அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

மறைமாவட்ட முகநூல் பக்கங்களில் இறையியல் கொஞ்சம், படங்கள் நிறைய. இருந்தாலும் விடமுடியாது. வன்னி இரண்டு மறைமாவட்டங்களில் கிடக்கிறது. வவுனியா, 1981இல் உருவான மன்னாரோடு. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணத்தோடு. முல்லைத்தீவு மாவட்டத்து மாங்குளத்தில் இருப்பவர் யாழ்ப்பாணத்தை மட்டும் பின்தொடர்ந்தால், மன்னார் மறைமாவட்டத்திலுள்ள மடு மாதா கோயில் திருவிழா ஒழுங்குகள் அவர் சனத்துக்குத் தெரிந்த பிறகுதான் அவருக்குத் தெரியவரும். இரண்டையும் வைத்திருக்க வேண்டியதுதான்.

வட்ஸ்அப் குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரண அறிவித்தலுக்கு நல்லது, பிரசங்கத்துக்கு ஆகாது.

கடைசியாக, இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்று: வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வெளியிடும் அறிவிப்புகள். 2018 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாட்கள் இருக்கையில், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. அப்படியான இரவில் கோயில் மண்டபத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று சனம் முதலில் கேட்பது பாதரிடம்தான். ஐப்பசி முதல் தை வரை இந்த இரண்டுக்கும் மட்டும் மணியொலியைப் போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மௌனத்தில் வைக்கலாம்.