ரைடர் பேக் சீட்டுக்கட்டு: வித்தைக்கா, வீச்சுக்கா?

பைசிக்கிள் ரைடர் பேக் கட்டை வாங்க நினைப்பவர், அது மேஜிக்கிற்கா அல்லது கார்டிஸ்ட்ரி எனப்படும் சீட்டு அலங்காரத்திற்கா என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. கடைக்காரர்கள் இரண்டுக்கும் இதையே எடுத்து நீட்டுகிறார்கள். ஆனால் மேஜிக் செய்பவர் தம் கை செய்யும் வேலையைப் பார்வையாளரிடமிருந்து மறைக்கிறார். ஃப்ளரிஷ் எனப்படும் கார்டிஸ்ட்ரி வீச்சுகளைச் செய்பவருக்கோ கையின் வேலையைக் காட்டுவதுதான் நிகழ்ச்சியே.

பைசிக்கிள் என்பது அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1885இல் தொடங்கிய சீட்டுக்கட்டுப் பெயர். மிதிவண்டி ஓட்டும் சிறகுள்ள குழந்தையைக் கொண்ட, ரைடர் பேக் எனப்படும் இந்தப் பின்புறச் சித்திரம் 1887இல் வந்தது. 63 மி.மீ. அகலமும் 88 மி.மீ. உயரமும் கொண்ட காகிதச் சீட்டுகளின் மேற்பரப்பில் அழுத்தப்பட்டுள்ள நுண்ணிய குழிகளில் காற்று தங்குவதால், அவை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் வழுக்குகின்றன.

மேஜிக்கிற்கு இதன் பெரிய பலம் வெள்ளைக் கரைதான். கட்டின் நடுவே ஒரே ஒரு சீட்டை முகம் மாற்றி வைத்துவிட்டுச் சற்றே விரித்தாலும், அதன் முகப்பக்க ஓரத்து வெண்மை மற்ற சீட்டுகளின் கரையோடு கலந்துவிடும்; கரையே இல்லாத பின்புறம் கொண்ட கட்டில் அதே சீட்டு உடனே கண்ணில் படும். இரண்டு பக்கமும் பின்புறமே அச்சான சீட்டு போன்ற வித்தைச் சீட்டுகளும் இதே சித்திரத்தில் கிடைக்கின்றன. அமெரிக்காவில் இது வீட்டுக்கு வீடு இருக்கும் கட்டு என்பதால் யாரும் சந்தேகிப்பதில்லை என்பார்கள். ரம்மிக்கான பிளாஸ்டிக் சீட்டுகளே பழகிப்போன நம்மவர்களிடம் அந்தச் சலுகை செல்லாது. பெட்டியைப் பார்த்ததுமே கட்டைக் கையில் வாங்கிச் சோதிப்பவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஃப்ளரிஷ் என்று வரும்போது என் மதிப்பீடு சற்றுக் குறைகிறது. பெருவிரலால் விசிறி விரிக்கும்போது இடைவெளி சீராக விழுகிறது. ஒரே கையால் கட்டை வெட்டி மாற்றும் சார்லியர் கட் இதில் எளிதாகப் பழகும். ஆனால் கட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து விரல்களுக்கிடையே சுழற்றும் சிபில் கட் போன்றவற்றில், இந்த நுணுக்கமான சிவப்புச் சித்திரம் வேகத்தில் கரைந்து வெறும் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. சிங்கப்பூரின் தி வர்ட்ஸ் என்ற கார்டிஸ்ட்ரி குழுவினர் உருவாக்கிய விர்ச்சுவோசோ கட்டில், சுழற்சியைக் கண்ணுக்கு எடுத்துக்காட்டும்படியே பின்புறம் வரையப்பட்டிருக்கிறது. மேலும், காகிதச் சீட்டு தரையில் விழ விழ முனை மழுங்கும். ஃப்ளரிஷ் பழகுபவர் கையிலிருந்து விழாமல் இருக்கப்போவதில்லை.

இரண்டையும் ஒரே மேடையில் கலப்பது எனக்கு உடன்பாடில்லை. டாய் வெர்னான் போன்ற மேஜிக் மேதைகள் இயல்பான கையசைவை வலியுறுத்தியதன் காரணம், ஒரு வித்தைக்கு முன் சார்லியர் கட் ஒன்றை நான் செய்து காட்டிய அன்றுதான் புரிந்தது. சீட்டைச் சரியாகக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகும் என் அக்கா மகன் வியக்கவில்லை. "கையிலதான் ஏதோ பண்றீங்க மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான்.

மேஜிக் பழகுபவர்கள் தயங்காமல் இதை வாங்கலாம். ஃப்ளரிஷ் பழகுபவர்களும் முதல் சில மாதங்களுக்கு இதையே வாங்கி, மெத்தைமேல் கையை வைத்துப் பழகட்டும். சீட்டு விழுவது குறைந்த பிறகு விலை கூடிய கட்டைத் தேடலாம். வித்தைக்கு எடுக்கும் கட்டை மட்டும் தனியே பெட்டியில் வையுங்கள்.