ஒரு மாண்டிசோரி பள்ளியின் ஆசிரியர்கள்: நான்கு ஆண்டு அனுபவத்தில் ஒரு மதிப்புரை

தென்சென்னையில் உள்ள ஒரு மாண்டிசோரி பள்ளியில் எங்கள் மகள் நான்கு ஆண்டுகளாகப் படித்து வருகிறாள். குழந்தைகள் அதற்கென வடிவமைத்த கருவிகளைக் கையாண்டு தாமே கற்கும் முறைதான் மாண்டிசோரி. மரநிழலையும் ஓடு வேய்ந்த வகுப்பறைகளையும் மற்ற பெற்றோர் போதுமான அளவுக்குப் புகழ்ந்துவிட்டதால், சேர்க்கையின்போது பலரும் கேட்கத் தயங்குகிற ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: கற்பிப்பவர்கள் என்ன பயிற்சி பெற்றவர்கள், அந்தப் பயிற்சி வகுப்பில் எப்படி வெளிப்படுகிறது? பள்ளியின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதால், ஆசிரியரின் பட்டயம்தான் முதல் சான்று. இம்முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1929இல் நிறுவிய ஏ.எம்.ஐ. என்னும் சர்வதேசச் சங்கம் வயதுப் பிரிவு வாரியாகப் பட்டயம் வழங்குகிறது. சென்னைக்கு இது புதிய சரக்கன்று. 1939இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் அவரே நேரில் நடத்திய பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் பயின்றார்கள்.

இரண்டரை முதல் ஆறு வயது வரையிலான வகுப்பை நடத்தும் அக்கா (ஆசிரியர்களைக் குழந்தைகள் இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) இந்தப் பட்டயம் பெற்றவர். பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு கருவிக்கும் படத்துடன் தாமே எழுதித் தொகுத்த ஆல்பங்களை எங்களுக்குக் காட்டினார். ஆனால் அவரது படிப்பை நான் உணர்ந்தது வகுப்பின் மூலையில் அரை மணி நேரம் அமர்ந்திருந்தபோதுதான். பத்து இளஞ்சிவப்புக் கனசதுரங்களை ஒரு சிறுவன் அளவு வரிசை தவறி அடுக்கினான். அவர் திருத்தவில்லை, தம் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். மறுநாள் அவனை அழைத்து, ஒரு சொல்லும் பேசாமல் மெதுவாக அடுக்கிக் காட்டினாராம். தமிழ் எழுத்துகளில் அவர் காட்டிய அக்கறை இன்னும் மேல். அகர வரிசையைப் பிடித்துக்கொண்டிராமல் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய ட, ப, ம ஆகிய எழுத்துகளை முதலில் விரலால் தடவவைத்து, சில நாள்களிலேயே 'படம்', 'பட்டம்' என்று குழந்தைகளைச் சொல்லமைக்கச் செய்தார். உயிர்மெய்க் குறிகளை எப்போது நுழைப்பது என்பதை எந்த வெளிநாட்டு ஆல்பமும் அவருக்குச் சொல்லியிருக்காது.

ஆறு வயதுக்கு மேல் நிலைமை வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010இல் வகுத்த குறைந்தபட்சத் தகுதிகள் முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்குமானவை. தொடக்கக் கல்விப் பட்டயமும் 150 மதிப்பெண்ணுக்கான ஆசிரியர் தகுதித் தேர்வும் அவற்றில் அடங்கும். மாண்டிசோரி பட்டயம் அவற்றுக்கு ஈடாகாது. எனவே இப்பள்ளி ஆறு முதல் ஒன்பது வயதுப் பிரிவுக்கு அரசுத் தகுதிகள் அனைத்தும் உள்ள ஒருவரை நியமித்து, பத்து நாள் மாண்டிசோரி பயிலரங்குக்கு மட்டும் அனுப்பிவைத்தது. அவர் அன்பானவர், பாடம் தெரிந்தவர். ஆனால் மணிக்கோவைகள், பெருக்கல் பலகை ஆகிய மாண்டிசோரி கணிதக் கருவிகள் அலமாரியிலேயே இருக்க, மகள் கரும்பலகையைப் பார்த்து வாய்பாடு எழுதி வந்தாள். இதில் அந்த ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். இரட்டைத் தகுதி தேவைப்படும் வகுப்புக்கு ஒற்றைத் தகுதிக்கு மட்டும் செலவு செய்துவிட்டு, கட்டணத்தை மட்டும் முழுமையாக வாங்கிய நிர்வாகத்தின் மீதுதான் என் வருத்தம். கேட்டதற்கு, "அனுபவத்தில் கற்றுக்கொள்வார்" என்றார்கள்.

ஆறு வயது வரை இப்பள்ளியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அதற்கு மேல் சேர்ப்பவர்கள், பள்ளியில் எத்தனை பேர் பட்டயம் பெற்றவர்கள் என்று பொதுவாகக் கேட்காமல், தம் குழந்தை அமரப்போகும் வகுப்பின் ஆசிரியர் எந்த வயதுப் பிரிவுக்கான பட்டயத்தை, எத்தனை மாதம் நேரில் பயின்று பெற்றார் என்று கேட்க வேண்டும். வகுப்பில் அரை மணி நேரம் உட்கார அனுமதியும் கேட்க வேண்டும். வரும் கல்வியாண்டில் அந்த ஆசிரியரை முழுநேரப் பயிற்சிக்கு அனுப்பப்போவதாகச் சென்ற மாதக் கூட்டத்தில் அறிவித்தார்கள். அதை எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை அடுத்த பருவக் கட்டணத்தைச் செலுத்துவதாக இல்லை.