வீடற்றவர்களுக்குத் தொப்பி பின்ன எந்த நூல்? ரெட் ஹார்ட் சுப்பர் சேவர் பற்றி

கையில் எடுத்தவுடன் பிடித்துப்போகிற நூல் இல்லை இது. சொரசொரப்பாக இருக்கும். ஊசியில் ஓடும்போது கீச்சிடும். ரொறன்ரோவில் மைக்கல்ஸ் கைவினைக் கடைக்குள் போய், மெரினோ என்ற மென்மையான கம்பளி நூலைத் தடவிப் பார்த்துவிட்டு இதைத் தொட்டால் கை தானாகவே பின்வாங்கும். ஆனாலும், வீடற்றவர்களுக்குத் தொப்பியும் கழுத்துப்பட்டியும் பின்னிக் கொடுக்க எந்த நூல் வாங்கலாம் என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது ரெட் ஹார்ட் சுப்பர் சேவர்தான். விலை குறைவு என்பது இரண்டாவது காரணம்.

முதல் காரணம் டிரையர். வீடற்றவர்கள் தங்கும் ஷெல்டர்களில் மூட்டைப்பூச்சி ஓயாத தலைவலி. அதைக் கொல்ல நம்பகமான வழி, துணியை டிரையரில் அதிக சூட்டில் அரை மணி நேரமாவது சுழல விடுவது. அங்கே லேபலை வாசித்து, கம்பளியைத் தனியாக எடுத்துக் கையால் தோய்க்க யாருக்கும் நேரம் இராது. பேட்டன்ஸ் கிளாசிக் வூல் போன்ற, சுருங்காதபடி பதப்படுத்தப்படாத சுத்தக் கம்பளியில் பின்னிய தொப்பி அந்த டிரையருக்குள் போனால், குழந்தைக்குக்கூடப் போட முடியாத தடித்த கிண்ணமாகத்தான் வெளியே வரும். நூறு வீதம் அக்ரிலிக் என்ற செயற்கை இழையாலான சுப்பர் சேவர் அப்படிச் சுருங்காது. நல்ல நூலைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் விலை கூடிய கம்பளி வாங்குகிறவர்கள் யோசிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான்.

ஒரே நிறத்தில் வரும் கட்டு 198 கிராம், 333 மீட்டர். பல நிறம் கலந்த கட்டு 141 கிராம்தான். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருப்பதால் வித்தியாசம் கண்ணில் படாது, நிறையைப் பார்த்து எடுங்கள். நூலின் தடிப்பு எண் 4, அதாவது நடுத்தரம். லேபல் சொல்வது 5 மில்லிமீட்டர் பின்னல் ஊசி அல்லது 5.5 மில்லிமீட்டர் குரோஷே (கொக்கி) ஊசி. அந்த அளவில் பின்னினால் 10 சென்ரிமீட்டருக்கு 17 ஸ்டிச் (கண்ணி) வரும். மேசைவிரிப்புக்கு அது சரி, தொப்பிக்குத் தளர்வு. ஒன்ராறியோ ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று அந்த இடைவெளிக்குள்ளால் நேரே தலைக்குப் போகும். தொப்பிக்கு ஊசியை ஓர் அளவு குறைத்து 4.5 எடுங்கள், குரோஷேக்கு 5. கை கொஞ்சம் வலிக்கும், பின்னல் இறுகும்.

பக்கத்திலுள்ள நூல்களோடு ஒப்பிடுகையில் பலரும் மீட்டரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பேர்னாட் சுப்பர் வலு 197 கிராமில் 389 மீட்டர் தருகிறது. அதே நிறையில் ஐம்பது மீட்டருக்கு மேல் கூடுதல், லாபம் போலத் தெரியும். அப்படியென்றால் நூல் மெல்லியது என்றுதான் அர்த்தம். குளிரைத் தடுப்பது பின்னலின் தடிப்பும் அதற்குள் அடைபட்டு நிற்கும் காற்றும். அதனால் விலையை 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள், மீட்டருக்கு அல்ல. பேர்னாட் தொடுவதற்கு மென்மை; தலையில் நேரடியாகப் படும் தொப்பிக்கு அது ஒரு நல்ல குணம்தான். அதை எடுத்தால் 4 மில்லிமீட்டர் ஊசிக்கு இறங்கி, ஸ்டிச் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள். கரோன் வன் பவுண்ட் 454 கிராம், 742 மீட்டர். தடிப்பு சுப்பர் சேவருக்கு மிகக் கிட்ட. ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரே நிறத்தில் நிறையப் பின்னும்போது அதுதான் சிக்கனம், முடிச்சும் குறைவு. கரோன் சிம்ப்ளி சொஃப்ட் வழுவழுப்பும் பளபளப்புமாக ஆளை மயக்கும், ஆனால் இழைகள் எளிதில் பிரியும், ஜக்கெற் சிப்பில் ஒரு தடவை மாட்டினால் போதும். தெருவில் போட்டுத் திரியிற தொப்பிக்கு அது சரிவராது.

லயன் பிராண்ட் வூல் ஈஸ் திக் அன்ட் குவிக் வேறு சாதி: 170 கிராமில் 97 மீட்டர்தான். 80 வீதம் அக்ரிலிக், 20 வீதம் கம்பளி. ஒரே மாலையில் ஒரு தொப்பி முடிந்துவிடும். ஆனால் பெரிய ஊசியில் பின்னினால் ஸ்டிச்சுகளுக்கிடையே விரல் நுழையும். பார்க்கத் தடிப்பு, போட்டால் காற்று. எண்ணிக்கை காட்டுவதற்கு நல்லது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ரெட் ஹார்ட், பேர்னாட், கரோன், பேட்டன்ஸ் எல்லாமே இப்போது ஸ்பின்ரைட் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். அதன் ஊர் ஒன்ராறியோவிலுள்ள லிஸ்டோவல். ஆகவே பெயரில் விசுவாசம் வைக்கத் தேவையில்லை. அந்த வாரம் எது மலிவு விற்பனையில் இருக்கிறதோ அதன் கிராம் கணக்கைப் பாருங்கள்.

இனி இந்த நூலில் சரியாக வரும் தொப்பி. வளர்ந்தவர்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 60 சென்ரிமீட்டருக்குள் இருக்கும். 40 சென்ரிமீட்டர் வட்ட ஊசியில் 88 ஸ்டிச் போடுங்கள். தொடக்கத்தை இறுக்கிப் போட்டால் மடிப்பு நெற்றியை வெட்டும்; ஒரு அளவு பெரிய ஊசியில் போட்டு, முதல் சுற்றில் 4.5க்கு மாறலாம். இரண்டு நிட் (நேர்ப் பின்னல்), இரண்டு பர்ள் (மறுபக்கப் பின்னல்) என்று, வரிவரியாக விரிந்து சுருங்கும் ரிப்பாகவே 24 சென்ரிமீட்டர் போங்கள். சும்மா கிடக்கும்போது ஒடுங்கித் தெரியும், பெரிய தலைக்கும் விரிந்து கொடுக்கும். யாருக்குப் போகிறது என்று தெரியாத தொப்பிக்கு ரிப்பைத் தவிர வேறு பின்னல் யோசிக்கவே வேண்டாம். அளவு மாற்றாமல் ஒரே தொப்பி பதின்ம வயதுப் பிள்ளைக்கும் பெரிய மனிதருக்கும் பொருந்த வேண்டுமே.

உச்சிக்கு வெறும் நிட்டுக்கு மாறி, 9 நிட், பிறகு இரண்டைச் சேர்த்து ஒன்று; இப்படி எட்டுத் தடவை, 80 ஸ்டிச் மிஞ்சும். அடுத்த சுற்று குறைக்காமல். அதற்கடுத்து 8 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று. முதல் ஐந்து குறைப்புக்கும் இடையில் ஒரு சும்மா சுற்று விடுங்கள், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் குறையுங்கள். வட்ட ஊசி எட்டாதபோது இரட்டைமுனை ஊசிகளுக்கு மாற்ற வேண்டும். 8 ஸ்டிச் மிஞ்சியதும் நூலை வெட்டி, அவற்றுக்குள்ளால் இரண்டு தடவை ஓட்டி இறுக்குங்கள். ஒரு தடவை ஓட்டினால் கொஞ்ச நாளில் உச்சியில் ஓட்டை திறக்கும். ஏழு சென்ரிமீட்டர் விளிம்பை மடித்தால் காதின்மேல் இரண்டு படை நிற்கும். ஒரு தொப்பிக்கு 70 முதல் 80 கிராம் போகும். ஒரு கட்டில் இரண்டு தொப்பி, மிச்சம் கொஞ்சம். இரண்டு கட்டு மிச்சங்களைச் சேர்த்தால் பட்டை போட்ட இன்னொரு தொப்பி வந்துவிடும்.

உண்மையான கடுங்குளிருக்கு இரட்டைப் படைத் தொப்பி. இரண்டு முனையிலும் உச்சி வைத்து ஒரே நீளக் குழாயாகப் பின்னி, ஒரு பாதியை மற்றதற்குள் தள்ளிவிடுவது. 130 கிராம் அளவில் போகும். எண்ணிக்கை பாதியாகக் குறையும் என்று குழுக்களில் முணுமுணுப்பு வரும். இரவு முழுக்க வெளியே இருக்கிறவருக்கு இப்படி ஒன்று, ஒற்றைப் படைத் தொப்பி இரண்டைவிட உதவும்.

குரோஷேக்காரர் ஹாஃப் டபுள் என்ற ஸ்டிச்சில் பின்னுங்கள். வட அமெரிக்கப் பெயர் இது. யாழ்ப்பாணத்தில் பிரிட்டிஷ் முறையில் பழகியவர்களுக்கு ஹாஃப் ட்ரெபிள். 8 ஸ்டிச்சில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் 8 கூட்டினால் எட்டாவது சுற்றில் 64. அந்த வட்டத்தின் குறுக்களவு 16 சென்ரிமீட்டர் இருக்க வேண்டும், 16ஐ 3.14ஆல் பெருக்கினால் 50, அதுதான் தொப்பியின் சுற்றளவு. ஓரம் சுருக்குச் சுருக்காக அலை அடித்தால் கூட்டியது அதிகம். கிண்ணமாகக் குவிந்தால் போதவில்லை, அல்லது கை இறுக்கம். பிறகு கூட்டாமல் 14 சுற்று, மடிப்பு வேண்டுமானால் இன்னும் ஏழு. டபுள் குரோஷேயில் பின்னினால் இன்னும் கெதியாக முடியும், ஆனால் வலை மாதிரிக் காற்று போகும்.

கழுத்துக்கு நீளமான பட்டியைவிட வளையம் நல்லது. அவிழ்ந்து விழாது, யாரும் பின்னாலிருந்து பிடித்து இழுக்கவும் முடியாது. தெருவில் தூங்குகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. 5 மில்லிமீட்டர் ஊசியில் 100 ஸ்டிச் போட்டு, 28 சென்ரிமீட்டர் உயரம். 80 கிராமுக்குள் அடங்கும். பட்டிதான் வேண்டுமென்றால் 31 ஸ்டிச், எல்லா வரிசையும் நிட், 165 சென்ரிமீட்டர் நீளம்: கிட்டத்தட்ட ஒரு கட்டு போகும்.

நூலிலுள்ள குறைகளையும் சொல்ல வேண்டும். கட்டின் நடுவிலிருந்து இழுக்கும்போது முதல் பிடியிலேயே ஒரு பெரிய சிக்குப் பிண்டம் வெளியே வரும். இழுத்து மல்லுக்கட்டாமல் வெளிமுனையிலிருந்து தொடங்குவது நல்லது. இடையிடையே ஆலையில் போட்ட முடிச்சு இருக்கும். அதை அப்படியே பின்னலுக்குள் விட்டால் தோய்த்தபின் அவிழும். வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். அக்ரிலிக் வழுக்குகிற நூல், கம்பளி மாதிரி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. நூல் முனையை 15 சென்ரிமீட்டராவது விட்டு, தையல் ஊசியால் ஒரு பக்கம், திரும்பி மறுபக்கம், பிறகு குறுக்கே என்று மூன்று திசையில் ஓட்டுங்கள். திரும்பி வருகிற தொப்பிகளில் பெரும்பாலும் இந்த முனைதான் அவிழ்ந்து கிடக்கும்.

சொரசொரப்பு ஒரு தோய்ச்சலில் பெருமளவு போய்விடும். வாசமில்லாத சவர்க்காரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் மெசினில் போட்டு, டிரையரில் முழுசாகக் காயவிடுங்கள். அயர்ன் பெட்டி மட்டும் கிட்டவும் போகக்கூடாது. ஆவி பட்டாலே அக்ரிலிக் இழை தளர்ந்து தொங்கிவிடும், ரிப் திரும்பச் சுருங்காது, அதைச் சரிசெய்ய வழியும் இல்லை. இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது: அக்ரிலிக் சமையல் வாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கருவாடு பொரிக்கிற, கறி தாளிக்கிற நேரத்தில் பின்னல் பையின் வாயை மூடி வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

எதற்கு இந்த நூல் உதவாது? காலுறைக்கு. ஷெல்டர்கள் ஓயாமல் கேட்பது காலுறைதான் என்பதால் பலர் பின்னத் தொடங்குகிறார்கள். எண் 4 தடிப்பில் பின்னிய காலுறை சப்பாத்துக்குள் போகாது, போனாலும் கொப்புளம் போடும். கம்பளி கலந்த காலுறையைக் கடையில் வாங்கிக் கொடுப்பதுதான் நியாயம். கையுறையிலும் அரைகுறைதான். ரொறன்ரோவின் குளிர்காலத்தில் மைனஸ் 15 நாட்களைவிடப் பூச்சியத்தை ஒட்டிய ஈரப் பனி நாட்கள் அதிகம். கம்பளி தன் நிறையில் சுமார் 30 வீதம் வரை ஈரத்தை உள்ளே எடுத்தும் சூடு தரும். அக்ரிலிக் இழை ஈரத்தை உறிஞ்சுவது மிகக் குறைவு, தண்ணீர் பின்னலின் இடைவெளிகளில் தங்கிக் கையைச் சில்லிட வைக்கும். கெதியாகக் காயும் என்பது உண்மை, காயவைக்க இடம் இருக்கிறவருக்கு. பின்னிய கையுறை கொடுத்தால் உள்ளே ஃபிளீஸ் துணி வைத்துத் தையுங்கள்.

நெருப்பு பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும். பூங்காக் கூடாரங்களில் மெழுகுதிரியும் காஸ் அடுப்பும் வைத்துச் சமாளிக்கிறவர்களுக்கு நேரடியாகக் கொடுப்பதானால் கம்பளி அதிகமுள்ள நூலுக்கு மாறுங்கள். அங்கே டிரையர் பிரச்சினை இல்லை.

நிறத்தில் கரும்சாம்பல், கருநீலம், கரும்பச்சை, பேர்கண்டி எடுங்கள். அழுக்கும் தெரியாது, ஆளும் கண்ணில் உறுத்தாது. கறுப்பு எல்லோரும் கேட்பது, ஆனால் இரவு வெளிச்சத்தில் ஸ்டிச் தெரியாமல் கண் நோகும், பகலில் பின்னுங்கள். உச்சியில் குஞ்சம் வேண்டாம். ஜக்கெற்றின் தலைமூடிக்குள் அடங்காது, பாதி நாளில் பிய்ந்துவிடும்.

கொண்டுபோகும் முன் தொலைபேசியில் கேளுங்கள். ஸ்கொட் மிஷன், ஃபிரெட் விக்டர் என்று நகரில் பல இடங்கள் இருந்தாலும், எந்த வாரம் எது தேவை, கையால் பின்னியதை எடுப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். பத்துத் தொப்பியை ஒரு பையில் போட்டு, வெளியே "பெரியவர் தொப்பி 10, அக்ரிலிக், மெசினில் தோய்க்கலாம், டிரையரில் போடலாம்" என்று ஆங்கிலத்தில் ஒட்டினால் அங்குள்ளவர்களுக்கு ஒரு வேலை குறையும். ஒக்டோபர் கடைசிக்குள் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஜனவரிக்குப் பின் கொடுங்கள். நத்தார்க் காலத்தில் எல்லோரும் கொண்டுவந்து குவிப்பார்கள். பெப்ரவரியில் முதல் தொப்பி தொலைந்தோ நனைந்தோ போயிருக்கும், அலமாரியும் காலியாகியிருக்கும். தேவைப்பட்டவர் எடுத்துப் போகட்டும் என்று சீட்டு எழுதித் தொப்பியை மின்கம்பத்தில் கட்டிவிடுவதானால் ஈரம் புகாத சிப் பைக்குள் போட்டே கட்டுங்கள், ஒரு உறைமழை பட்டால் தொப்பி பனிக்கட்டியாகிவிடும்.

இந்த நூலுக்கு மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. கையுறையும் காலுறையும் மட்டும் பின்னுகிறவர் என்றால் இரண்டு.