கீறல் விழுந்த கிராஃப்ட்வெர்க்: ஹட்டனில் கேட்ட ஒரு சீடி

கிராஃப்ட்வெர்க் என்றால் ஜெர்மன் மொழியில் மின் நிலையம். நம்ம பக்கத்துப் பொடியன்கள் நாலு பேர் பாட்டுக்குழு தொடங்கி நம்ம மலைநாட்டு மின் நிலையமான 'லக்சபான'வின் பெயரை வைத்த மாதிரி. 1970இல் டுசல்டோர்ஃபில் ரால்ஃப் ஹூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் தொடங்கிய மின்னிசைக் குழு அது. போனில் துண்டு துண்டாகக் கேட்டிருந்தேன். போன மாதம்தான் 'ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்' சீடி கைக்கு வந்தது. 1977இல் வந்த இசைத்தட்டை 2009இல் ஒலி திருத்தி வெளியிட்ட பதிப்பு. கொழும்பில் பழைய சீடி விற்கும் ஒருவரிடம் 2,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

"கீறலே இல்ல" என்றார். எண்ணிப் பார்த்தேன், நாலு. முதல் பாட்டு இரண்டு இடத்தில் விக்குகிறது. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஒரே சரடு திரும்பத் திரும்ப வருகிற பாட்டு அது. விக்கலும் இசைதான் போல என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இவர்கள் 1974இலேயே ஒரு கார் பயணத்தை இருபத்திரண்டு நிமிடப் பாட்டாக்கி, தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்தவர்கள். இந்தத் தட்டில் ரயில். அதனால் போனில் ஏற்றிக்கொண்டு பொடி மெனிக்கே ரயிலில் ஹட்டனிலிருந்து நானுஓயா வரை கேட்டுக்கொண்டே போனேன். ஒட்டவேயில்லை. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் மட்டும் கொஞ்சம் பொருந்தியது. அவர்கள் பாடுவது முதல் வகுப்பு மட்டுமே ஓடிய ஐரோப்பிய ரயில், நேரம் தவறாத தாளம். நம்ம வண்டி ஒவ்வொரு வளைவிலும் கிறீச்சிட்டு, மூச்சு வாங்கி ஏறுகிறது. மூன்றாம் வகுப்பில் கதவோரம் நிற்பவனுக்கு அந்தத் தாளம் எங்கே பிடிபடும்?

பிடிபட்டது வீட்டில்தான். அப்பா முப்பது வருடம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டுகிற ரோலர் இயந்திரத்தின் பக்கம் நின்றவர். எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், ஸ்டோருக்குக் கீழே. ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்தில்தான் தூங்குவோம். கரண்ட் போய் ரோலர் நின்றால் போதும், லயமே முழித்துக்கொள்ளும். இயந்திர இசையை உயிரில்லாதது என்று சொல்கிறவர்கள் அப்படித் தூங்கியிருக்க மாட்டார்கள்.

தலைப்புப் பாட்டு முடியாமலே 'மெட்டல் ஆன் மெட்டல்' என்ற அடுத்த துண்டுக்குள் போய்விடுகிறது. இரும்பில் இரும்பு அடிக்கிற ஓசை மட்டும் முன்னால் வரும். பழைய டிவிடி பிளேயரில் போட்டேன். அப்பா பிளேன்டீயை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பெல்ட்டு தளந்திருக்குடா. ரோலர நிப்பாட்டச் சொல்லு."

இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு எழுத வராது. இந்தத் தாளத்தில் தோல் மேளம் கிடையாது. மின்தட்டுகளை உலோகக் குச்சியால் அடித்து வாசித்த கார்ல் பார்டோஸும் வுல்ஃப்காங் ஃப்ளூரும் கேட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்கள். 1982இல் நியூயோர்க்கில் ஹிப்-ஹாப் கலைஞர் ஆஃப்ரிக்கா பம்பாட்டா இந்தத் தலைப்புப் பாட்டின் மெட்டை எடுத்துத்தான் 'பிளானட் ராக்'கில் போட்டார். ரோலர் சத்தத்துக்கு ஆடலாம் என்று அங்கே கண்டுபிடித்துவிட்டார்கள்.

எல்லாம் நல்லாயிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 'ஹால் ஆஃப் மிரர்ஸ்' எட்டு நிமிடம் நீள்கிறது, காலடி போல ஓர் ஓசையோடு. பனி இறங்கிய ராத்திரியில் தனியாகக் கேட்க வேண்டாம். கடைசித் துண்டுகள் எனக்குச் சலிப்பு. போன் ஸ்பீக்கரில் கேட்டால் அடிச்சுருதி போய்க் கொசு ரீங்காரம்தான் மிஞ்சும். பழைய அட்டைப்படத்தில் நாலு பேரும் கோட்டு சூட்டு. அம்மா பார்த்துவிட்டு, "எந்த பேங்க்ல வேல செய்யிறாங்க?" என்றார்.

சீடியை மாற்றித் தருகிறேன் என்கிறார் விற்றவர். தபால் காசு என் தலையிலாம். விக்கலும் பழகிவிட்டது, பார்ப்போம்.