செல்லுக்குள் வைரஸ் வளர்வதைப் பார்க்க: வாக்ஸினியாவா, ஹெர்பிஸா?

ஆய்வகத்தில் வளர்க்கும் செல்லுக்குள் ஒரு வைரஸ் உருவாகும் விதத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது வாக்ஸினியாவைத்தான். பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த அதே வைரஸ். டிஎன்ஏ வைரஸாக இருந்தும், உட்கருவை நாடாமல், அதற்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்திலேயே தனக்கொரு தொழிற்சாலையை அமைத்துக்கொள்கிறது. செல்லைச் சுமார் 70 நானோமீட்டர் தடிமனில் சீவிய வெட்டில் அந்த இடம் தனியாகத் தெரியும்: மைட்டோகாண்ட்ரியா போன்ற உறுப்புகள் ஒதுங்கிப்போன, ஒரே சீரான பரப்பு. அதன் நடுவே வைரஸின் சவ்வு, பிறைத் துண்டுகளாக. பிறை வளைந்து மூடி முழு வட்டமாகிறது. உள்ளே டிஎன்ஏ ஒரு பக்கமாகக் கரும்புள்ளியாய்த் திரள்கிறது. கடைசியில் வட்டம் செங்கல் வடிவமாகிவிடும், நீளம் ஏறக்குறைய 350 நானோமீட்டர். நல்ல வெட்டு அமைந்தால் இத்தனை கட்டங்களும் ஒரே செல்லில் கிடைக்கும். இதைவிட நல்ல பாடம் ஏது!

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் கதை வேறு. 125 நானோமீட்டர் அளவுள்ள கேப்சிட்கள், அதாவது டிஎன்ஏவைச் சுமக்கும் புரதக் கூடுகள், உட்கருவுக்குள் உருவாகின்றன. சில வெறும் கூடு, சிலவற்றின் நடுவில் கருமையாக டிஎன்ஏ. அப்புறம்தான் சிக்கல்: உட்கருவின் உட்சவ்வைப் போர்த்திக்கொண்டு கிளம்பும், வெளிச்சவ்வில் அதை விட்டுவிடும், சைட்டோபிளாசத்தில் வேறொரு உறையைப் பெறும். இந்த வழியைப் பற்றி ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டதில் வியப்பில்லை. அசையாத படத்தில் துகள் எந்தத் திசையில் போகிறது என்று தெரியாதே. அதனால் ஹெர்பிஸை எடுத்தால் ஒரு நேரத்து மாதிரி போதாது. தொற்றிய பின் வெவ்வேறு மணி நேரங்களில் செல்களை வேதிப்பொருளால் அப்படியே உறையவைத்து (நிலைப்படுத்தி), வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.